கல்முனையில் தனியே சாப்பிட்ட நாட்கள்

அம்மா இறந்து மூன்று மாதம் கழித்து, எண்பதாம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், நான் கல்முனைக்குப் போனேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பண்டாரவளையில் ஆசிரியையாக இருந்தேன். கல்யாணம் செய்யவில்லை. சித்தப்பாவின் மகன் கல்முனையில் ஒரு வங்கியில் வேலை செய்தான். பாண்டிருப்பில் வாடகை வீட்டில் மனைவியோடு இருந்தான். ஒருமுறை வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று வருடா வருடம் எழுதுவான். நான் வருகிறேன் என்று எழுதிய வருடம் பார்த்து, அவர்கள் யாழ்ப்பாணத்துக்குத் திருவிழாவுக்குப் போகவேண்டியிருந்தது. வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதாகவும், குசினியில் எல்லாச் சாமானும் இருக்கிறதென்றும் பதில் வந்தது.

குசினியில் எல்லாச் சாமானும் இருந்தது உண்மைதான். போய்ச் சேர்ந்த அன்று, மண்ணெண்ணெய் அடுப்பையும் கவிழ்த்து வைத்திருந்த சட்டிகளையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கதவைச் சாத்தினேன். இங்கே இருக்கப்போகும் நாட்களில் அடுப்பு மூட்டுவதில்லை, மூன்று வேளையும் கடையில்தான் சாப்பிடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. உப்பு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்பது வருடம் உப்பில்லாமல் சமைத்தேன். அவருக்கு முன்னால் நான் மட்டும் உப்புப் போட்டுச் சாப்பிட மனம் வரவில்லை. நானும் அதையே சாப்பிட்டேன். நாக்கு மரத்துப்போயிருந்தது. அம்மா போன பிறகும் கை உப்புப் பானைப் பக்கம் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் பாண்டிருப்பிலிருந்து கல்முனைக் கடைத்தெருவுக்கு நடந்தே போனேன். மலைநாட்டு வெயிலுக்குப் பழகியவளுக்கு அந்த வெயில் தலையில் கை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. சந்தைக்கு அருகே, வாசலில் கண்ணாடி அலுமாரி வைத்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே முழுவதும் ஆண்கள். நான் படியேறியதும் பேச்சு அடங்கிவிட்டது. காசு மேசையில் இருந்த முதலாளி, வெள்ளைத் தொப்பி போட்ட, ஐம்பதை நெருங்கிய மனிதர், எழுந்து வந்தார்.

"வாங்க, எத்தினை பேர்?"

"ஒராள்தான்."

"பின்னால ஆரும் வரல்லியா?"

"இல்லை."

ஒரு கணம் யோசித்தார். பிறகு, மூலையில் பச்சைத் திரை தொங்கிய ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெண்களோடும் பிள்ளைகளோடும் வருகிறவர்களுக்கான இடம் அது. ஒரு மேசை, ஆறு நாற்காலிகள். நான் ஒன்றில் உட்கார்ந்தேன். அவர் திரையை இழுத்துவிட்டுப் போனார்.

முதற் சாப்பாடு பாரை மீன். அதை அங்கே ஆணம் என்றார்கள். புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சிவந்த குழம்பு. பக்கத்தில் பொரித்த கீரி மீன், மாசிச் சம்பல், பருப்பு. முதற் கவளத்தை வாயில் வைத்ததும் உப்பு நாக்கில் ஏறி, காதுவரை போனதுபோல இருந்தது. உறைப்பில் கண்ணீர் வந்தது. மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டேன். இரண்டாந்தரம் சோறு கேட்டேன். வீட்டில் நான் ஒருபோதும் இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொண்டதில்லை.

அதன் பிறகு அதுவே என் கடை. நான் ஆசிரியை என்று கேட்டறிந்து, டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும், எனக்கு ஆட்டுக் கறியோ கோழியோ வேறு சட்டியிலிருந்து எடுத்து வைக்கச் சொன்னார் முதலாளி. காலையில் இடியப்பமும் சொதியும். மத்தியானம் கணவாய்க் கறி ஒரு நாள், இறால் ஒரு நாள். பின்னேரம் பராட்டா. சாப்பாட்டுக்கு மேல் எருமைத் தயிரில் தேன்போன்ற இனிப்புப் பாணி ஊற்றிக் கொடுப்பார்கள். தயிர் கத்தியால் வெட்டி எடுக்கும் கட்டி. ஒவ்வொன்றும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அவற்றைப் பற்றிச் சொல்ல அப்போது பக்கத்தில் யாருமில்லை. "இந்தக் கணவாய் எவ்வளவு மிருதுவாக இருக்கிறது, பாருங்கள்" என்று ஐந்து வெறும் நாற்காலிகளிடம் எப்படிச் சொல்வது?

திரைக்கு அந்தப் பக்கம் எப்போதும் பேச்சு இருந்தது. அறுவடைக் காலமாதலால் சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து உழவு இயந்திரங்களில் வரும் போடிமார் என்ற பெரிய நிலக்காரர்கள், வயற்காரர்கள், மீன் வியாபாரிகள். வாய்க்கால் தண்ணீரைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் உரக்கக் கதைப்பார்கள். ஒரு நாள் ஒருவர், தன் மாமியார் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற மறுத்து, அதன் பின்னாலேயே இரண்டு கட்டை தூரம் நடந்து வந்த கதையைச் சொன்னார். மாமியாரைப்போலவே குரலை மாற்றிச் சொன்னார். நான் என்னை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் சட்டென்று அமைதியானது. பிறகு அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கதைத்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மீதிச் சோற்றைச் சாப்பிடாமலேயே எழுந்து போனேன்.

வெள்ளிக்கிழமை, நாள் நினைவில்லாமல், வழக்கமான நேரத்துக்குப் போய்விட்டேன். தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. கடைக் கதவுகள் சாத்தியிருந்தன. முதலாளி வெள்ளைச் சாரமும் சேர்ட்டுமாகத் தன் கடையின் கடைசிக் கதவுப் பலகையைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இண்டைக்கு வெள்ளிக்கிழமதானே. நாங்க ஜும்மாவுக்குப் போறம்."

"தெரியாமல் வந்திட்டன். பிறகு வாறன்."

"இந்த வெயிலுக்குள்ள எங்க போப்போறிங்க? உள்ள இரிங்க. என்ட தங்கச்சி நிக்கிறா, சோறு போடுவா."

அவர் உள்ளே பார்த்து ஏதோ குரல் கொடுத்துவிட்டுப் போனார். ஆட்களில்லாத கடையில் மேசைகளுக்கு நடுவே நான் நின்றேன். அடுக்களைப் பக்கத்திலிருந்து முக்காட்டை இழுத்துவிட்டபடி ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். கைகளில் மஞ்சள் கறை.

"நீங்கதானா அந்த டீச்சர்? ரெண்டு தரம் சோறு கேக்கிற ஆள்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரித்தார். அத்தனை நாளும் நான் சாப்பிட்டதெல்லாம் அவர் சமைத்ததுதான். கணவர் இறந்து ஆறு வருடம், ஒரு மகள். காக்காவின், அதாவது அண்ணனின், கடையில் விடியற்காலையிலிருந்து சமைக்கிறார். ஆண்கள் இருக்கும் நேரத்தில் முன்பக்கம் வருவதில்லை.

"நான் ஆக்கின சோத்த ஆரும் திங்கிறத நான் கண்டதேயில்ல," என்றார். "திண்ட சோத்துக் கோப்பைதான் கழுவ வரும். அதப் பாத்துத்தான் நல்லாரிந்ததா இல்லியாண்டு தெரிஞ்சிக்கிற."

அன்று நெய்ச்சோறு. ஒரு பெரிய தட்டில் கொண்டுவந்து நடுவில் வைத்தார். நான் எனக்கொரு கோப்பையைத் தேடினேன்.

"தனியா வேணாம். நானும் இன்னம் தின்னல்ல. எங்கட ஆக்கள் ஒரு தட்டிலதான் தின்னுற. உங்களுக்கு ஏலுமா?"

"ஓம்," என்றேன்.

பச்சைத் திரையைத் தள்ளிவிட்டு, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டோம். இன்னொருவர் கை படும் தட்டில் நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆட்டிறைச்சித் துண்டுகளை அவர் என் பக்கமாகவே தள்ளினார். நான் ஒவ்வொரு கவளம் எடுக்கும்போதும் என் முகத்தைப் பார்த்தார். எப்படியோ பேச்சு அம்மாவிடம் வந்தது. உப்பில்லாத ஒன்பது வருடத்தைச் சொன்னேன். யாருக்கும் முழுதாகச் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு துண்டு கருவாடு பொரித்துத் தா என்று கெஞ்சினார். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அழுதார். நான் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் போய்விட்டார்.

இதை அரைகுறையாகச் சொன்னபோதெல்லாம் மற்றவர்கள் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். நீ சரியாகத்தான் செய்தாய், உன்னைப்போல யார் பார்த்திருப்பார்கள் என்று. இவரும் அதைச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு துண்டுதானே. குடுத்திரிக்கலாம்," என்றார்.

எனக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. கோபம் வந்தது. இவருக்கு என்ன தெரியும், எத்தனை இரவு கண் விழித்தேன் என்று தெரியுமா? கையைக் கழுவிக்கொண்டு, பஸ் விஷயமாக ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று ஏதோ பொய் சொல்லிவிட்டுப் பின்வாசலால் வெளியே வந்தேன். அவர் வாசல்வரை வந்து, "டீச்சர், தயிர் இரிக்கி," என்றார். நான் திரும்பவில்லை.

நேரே கடற்கரைக்கு நடந்தேன். தோணிகள் கரையில் ஏற்றிக் கிடந்தன. ஒரு மனிதர்கூட இல்லை. மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஒரு தோணியின் நிழலில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அம்மாவின் சடலத்துக்கு முன்னால் எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் அதைக் கவனித்துக் கதைத்தும் இருந்தார்கள். அன்று, கல்முனைக் கரையில், வாய்விட்டு அழுதேன். ஓம், கொடுத்திருக்கலாம். அவர் சொன்னது சரி. எனக்கு அது முதலிலேயே தெரியும். வேறொருவர் வாயிலிருந்து கேட்கத்தான் பயந்திருந்தேன்.

சனிக்கிழமை பிடிவாதமாக வேறொரு கடைக்குப் போனேன். சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய கடைக்கே போனேன். திரைக்குள் இருந்து சாப்பிட்டுவிட்டு, முதலாளியிடம் சொன்னேன்:

"உள்ளே சமைக்கிறவங்ககிட்டச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமைச் சாப்பாடு நல்லா இருந்தது எண்டு."

அவர் சிரித்துக்கொண்டே அடுக்களைப் பக்கம் போனார். அவர் சொல்வது கேட்டது. பிறகு அந்தக் குரல்:

"ஆரு, டீச்சரா? இன்னம் கொஞ்சம் சோறு வையுங்க காக்கா, அவ கேக்க வெக்கப்படுவா."

சோறு வந்தது. அந்தப் பெண் வரவில்லை; கடையில் ஆட்கள் இருந்தார்கள். மறுநாள் காலை பஸ்ஸில் நான் ஊருக்குத் திரும்பினேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் போனேன். அந்தத் தடவை சித்தப்பாவின் மகனும் மனைவியும் வீட்டில் இருந்தார்கள். என்னைக் கடையில் சாப்பிட விடவே இல்லை. திரும்பும் நாள்தான் பஸ் ஏறுமுன் அந்தக் கடைக்குப் போக முடிந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, மின்விசிறி போட்டிருந்தார்கள். முதலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"தங்கச்சி உள்ளே இருக்கிறாவா?" என்று கேட்டேன்.

"அவ குவைத்துக்குப் போயிட்டா டீச்சர். ஒரு வீட்டில சமையல். மகளுக்காகப் போனவ."

"கடிதம் வருமா?"

"அவவுக்கு எழுதத் தெரியாது. ஆரையும் பிடிச்சு எழுதுவிப்பா. சுகமாம்."

அங்கே அவர் சமைப்பதை யாராவது பார்த்துச் சாப்பிடுகிறார்களா என்று கேட்க நினைத்தேன். அது அவருக்கு எப்படித் தெரியும்? கேட்கவில்லை.

பச்சைத் திரைக்குப் பதில் பலகைத் தடுப்பு இருந்தது. உள்ளே எனக்கு எதிரே ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. இடம் போதாமல், தாய் தன் சின்ன மகளை என் பக்கத்து நாற்காலியில் இருத்தி, "கொஞ்சம் பாத்துக்குங்க, ஆணத்த ஊத்திப்போடுவா," என்றாள். நான் அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்க்காமலே சாப்பிட்டு முடித்தது. அவர்கள் எழுந்து போனதும் ஒரு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.