ஒரு வாளி பழைய செல்

எழுதுவது படித்தவர்கள் செய்கிற காரியம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடியிருந்தால் சுவரோரமாக நின்றுகொள்கிற ஆள். இப்படி உங்கள் முன்னால் பேச உட்கார்ந்ததற்கு முதலிலேயே மன்னித்துவிடுங்கள். சலிப்பாக இருந்தால் பாதியில் எழுந்து போகலாம், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

போன வாரம் எங்கள் நாயுடுபுரம் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பின்தங்க ஆரம்பித்தது. செல்லைக் கழற்றினேன். கழற்றிய கை, என்னைக் கேட்காமலே, அதை ஜன்னலில் வெயில் விழுகிற இடத்தில் வைத்தது. மகள் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, வத்தலா காயப்போடுற?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் விரலில் ஒட்டிய அந்தத் துரு வாசனை போகவில்லை. அது எண்பதுகளின் நடுவில் நான் வேலை பார்த்த அறையின் வாசனை.

அப்போது இங்கே மலைமேல் ஒரு பல்கலைக்கழகம் புதிதாக வந்திருந்தது. பழைய பங்களா ஒன்றில் நூலகம். அதில் வெள்ளைக்காரர்கள் சாப்பிட்ட அறையை எங்களுக்கு ஒதுக்கினார்கள். 'கல்வித் தொழில்நுட்பப் பிரிவு' என்று பலகை மாட்டியிருந்தது. உள்ளே ஸ்லைடு காட்டும் கருவி, டேப் ரெக்கார்டர்கள், கேசட்டுகள், காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போன்கள். பிரிவுக்கு நூலகர் ஹெலன் மேடம். இரண்டு எம்.ஏ. படித்தவர். எல்லாரும் அவரை 'டேப் மேடம்' என்றார்கள். நான் உதவியாள்.

பெயர்தான் பெரிது. வேலை என்னவோ துடைப்பதுதான். கொடைக்கானல் ஈரத்துக்கு ஸ்லைடுகளில் பூசணம் பூக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்போம். கடைசிப் பெட்டியை முடிப்பதற்குள் முதல் பெட்டியில் மறுபடி பூத்திருக்கும். பீரோவுக்குள் எந்நேரமும் ஒரு குண்டு பல்ப் எரியும், கருவிகளிலும் ஸ்லைடுகளிலும் ஈரம் ஏறாமல் இருக்க. மத்தியானம் என் சாப்பாட்டுத் தூக்கையும் அதற்குள் வைத்துவிடுவேன். "ஸ்லைடெல்லாம் ரசம் மணக்குதுடி" என்பார் மேடம். வைக்காதே என்று சொன்னதில்லை. சில நாள் அவருடைய தூக்கும் உள்ளே இருக்கும்.

எங்கள் தீராத சண்டை செல்லுக்காக. பழைய செல்லைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஸ்டோரில் புது செல் தருவார்கள். அதுவும் இருப்பு இருந்தால். இருப்பு இருக்காது. ஸ்டோர் கீப்பர் அந்தோணி அண்ணன், "மேல எழுதியிருக்கேன்மா" என்று வானத்தைக் காட்டுவார். அதனால் தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். கொஞ்சம் உயிர் வரும். வெயில் எப்போது வரும் என்பது வேறு கதை.

அந்த வருடம் ஆசிரியர் பயிற்சியில் புஷ்பராணி என்றொரு பெண் இருந்தாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு மிஷன் பள்ளியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், இந்தத் தடவையே தேறினால். தேறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. அவளுக்குப் பயிற்சிப் பாடம் மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி கிராமத்துப் பள்ளியில் போட்டிருந்தார்கள். கால்நடையாகத்தான் இறங்க வேண்டும், கரண்டும் இல்லை. தேர்வாளர் அத்தனை தூரம் இறங்கமாட்டார் என்பதால் பாடத்தைப் பதிவு செய்து கேசட்டாகக் கொடுக்க ஏற்பாடு.

டேப் ரெக்கார்டரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நானும் அவளோடு போனேன். ஊரையே கோயிலாக நினைக்கிறவர்கள், உள்ளே யாரும் செருப்புப் போடக்கூடாது. எல்லையில் கழற்றிவிட்டு நடந்தோம். தரை ஐஸ் மாதிரி இருந்தது.

"மிச்சம் பயமா இருக்குங்க அக்கா" என்றாள். தோட்டத்துப் பேச்சில் மிச்சம் என்றால் ரொம்ப.

பாடம் இலையைப் பற்றி. பயந்தவள் பிள்ளைகளைப் பார்த்ததும் மாறிவிட்டாள். முடிந்ததும் ஓடவிட்டுக் கேட்டோம். அவள் குரல் அவள் குரலாகவே இருந்தது. தங்கள் சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்ததும் பிள்ளைகள் ஒரே கூத்து.

தேர்வாளர் வந்த அன்று நல்ல மூடுபனி. மதுரைப் பக்கத்து வயதானவர். குரங்குக்குல்லாயும் ஸ்வெட்டருமாகக் குளிரில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கேசட்டை எங்களுடைய பெரிய மெஷினில், கரண்டில், மேடம் போட்டார்.

கிளி கத்துவது போல ஒரு குரல் வந்தது. கீச்சு கீச்சென்று வார்த்தைகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஓடின. தேர்வாளர் முதலில் சிரித்தார். பிறகு பேனாவை மூடினார்.

"இதுக்கு நான் என்னத்தம்மா மார்க் போட? அடுத்த வருசம் பாப்போம்."

புஷ்பராணி அழவில்லை. தாவணி நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

மேடத்துக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் காய்ந்த செல்லின் வேலை. பதிவு செய்யும்போது நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. அதே செல்லில் போட்டுக் கேட்டதால் ஊரில் சரியாகத் தெரிந்தது. கரண்டில் சரியான வேகத்தில் ஓடவும் குரல் பறந்துவிட்டது.

"அந்தப் பழைய செல்லு எங்கடி?"

காலையில்தான் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்திருந்தேன். ஓடினேன். அதிசயமாக அன்றைக்குப் புது செல் வந்திருந்தது. அந்தோணி அண்ணன் பெருமையாக எடுத்து நீட்டினார்.

"இது வேணாம்ணே. பழசு குடுங்க."

"ஏம்மா, மூணு மாசமா புதுசு புதுசுன்னு என் உசுர வாங்குன. இப்ப செத்தத கேக்குற?"

"வெரசா குடுங்கண்ணே, ஒரு பிள்ள சோலி முடியப்போகுது."

அவர் ஒரு தகர வாளியைக் காட்டினார். நிறையப் பழைய செல். "எல்லாம் ஒன்னாத்தான் கெடக்கு. எது உன்னுதுன்னு நீயே பாத்துக்க." வாளியை என்னிடம் நம்பிக் கொடுக்க மனமில்லாமல் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

சின்ன ரெக்கார்டரில் மேடம் செல்களை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு தடவை கிழவர் குரல், ஒரு தடவை குழந்தைக் குரல், ஒரு தடவை சத்தமே இல்லை. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தபோது திடீரென்று அறைக்குள் புஷ்பராணி பேசினாள். பின்னால் வெள்ளகவிப் பிள்ளைகள். "இது என்ன இலை?" "ஆரஞ்சு டீச்சர்!" தேர்வாளர் குல்லாயைக் காதுக்கு மேலே தள்ளிவிட்டு மெஷினிடம் குனிந்தார்.

பாதிப் பாடம் ஓடியிருக்கும். குரல் தடித்தது, இழுத்தது, நின்றுபோனது. மேடம் எத்தனை மாற்றியும் அந்தச் செட்டு மறுபடி அமையவில்லை. சோர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தேர்வாளர்தான் பேசினார். "பாடம் இலை நரம்புல நின்னுருச்சு. அங்கன இருந்து நீயே நடத்தும்மா."

"யாருக்குங்க நடத்துறது?"

"இந்தா, மூணு பேரு இருக்காகள்ல."

அவள் வெளியே ஓடிப்போய் நனைந்த இலை ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்தாள். முதல் இரண்டு வாக்கியம் நடுங்கியது. பிறகு அந்தோணி அண்ணனைப் பார்த்து, "இந்த நரம்பு எதுக்கு இருக்கு, சொல்லுங்க" என்றாள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"தெரியாதுங்க டீச்சர்."

"தெரியலன்னா கிட்ட வந்து தொட்டுப் பாருங்க."

அவர் போய் நிஜமாகவே தொட்டுப் பார்த்தார். தேர்வாளர் பேனாவைத் திறந்தார். என்னிடமும் ஒரு கேள்வி கேட்டாள். கூச்சத்தில் சுவரோரமாக நகர்ந்துகொண்டேன். அந்த வகுப்பில் நான்தான் மக்கு.

அவள் தேறினாள். வேலையும் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. மேடம் ஓய்வு பெற்றதும் அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. பல்பு எரிந்த பீரோவை ஏலத்தில் எடுத்தவர் யாரென்று தெரியாது. ஸ்லைடுகளைப் பூசணத்திடமே விட்டுவிட்டார்கள். என் மகளுக்கு இதைச் சொன்னேன். "அந்த கேசட்ட வச்சிருக்கியாம்மா?" என்றாள்.

எங்களுக்குக் கேசட்டும் தட்டுப்பாடுதான். மறுநாள் காலை மேடம் சொல்ல, அதை முழுக்க அழித்து, பத்து மணிக்குப் பாடம் பதிய வந்த வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தேன்.