மனக்கணக்கு டீச்சர்

கணக்கு டீச்சருக்கு எண்கள் என்றால் தண்ணீர் பட்ட பாடு. எந்த எண்ணைச் சொன்னாலும் அதன் பகாக் காரணிகளைக் கடகடவென்று ஒப்பிப்பார். ‘மனக்கணக்கு டீச்சர்’ என்று பட்டப்பெயரே உண்டு. வீட்டில் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று வீடெல்லாம் தேடுகிறவர், வகுப்புக்குள் நுழைந்தால் சிங்கம்.

அந்தச் சிங்கத்துக்குத்தான் ஒருநாள் கரும்பலகை முன்னால் ஏழெட்டு எவ்வளவு என்று வரவில்லை. நாக்கு நுனியில் நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. “நீங்களே கண்டுபிடிங்க பாப்போம்” என்று சமாளித்தார். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிழைத்தோம் என்று அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் ஓர் எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு, ஒரு டப்பா நிறையப் பழைய பொத்தான்களைக் கொடுத்துவிடுவார். அத்தனை பொத்தானை மிச்சமில்லாமல் சம வரிசைகளாக அடுக்க முடிந்தால் அது பகு எண். தலைகீழாக நின்றாலும் ஒற்றை நீள வரிசைதான் வரும் என்றால் பகா எண். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அடுக்குவார்கள், கலைப்பார்கள், சண்டை பிடிப்பார்கள். டீச்சர் நடுவில் நடந்தபடி “அப்படியா?”, “ஏன்?” என்றே பொழுதை ஓட்டுவார்.

தலைமையாசிரியைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “இப்படித்தான் சொல்லிக்கொடுக்கணும் டீச்சர்! பதில் சொல்ல நீங்க வாயே திறக்கிறதில்ல பாருங்க.”

திறந்தால் குட்டு உடைந்துவிடுமே! டாக்டரிடம் போகப் பயம், வீட்டில் சொல்லி அழ ஆள் இல்லை. இந்த வகுப்பை விட்டால் அவருக்குப் போக்கிடமும் கிடையாது. பிள்ளைகளுக்குத் தெரியாதவரை சரி, அவர்கள் முன்னால் மட்டும் அசிங்கப்பட்டுவிடக் கூடாது என்றுதான் தினமும் படியேறினார்.

அன்று தொண்ணூற்றொன்று என்று எழுதினார். “இது பகா எண்ணா, இல்லையா?” தனக்கே தெரியாது என்பதை முகத்தில் காட்டவில்லை.

“பகா எண்தான் டீச்சர்!” என்று எழுந்தாள், வாயாடி என்று பெயரெடுத்த முன்வரிசைப் பெண். “ஒத்தப்படை, ரெண்டால வகுபடாது. ஒம்பதும் ஒண்ணும் பத்து, அதனால மூணாலயும் வகுபடாது. கடைசியில அஞ்சும் இல்ல, சைபரும் இல்ல.”

“அப்படியா?”

கண்ணாடி போட்ட பையன் கையைத் தூக்கினான். “ஏழால வகுபடும் டீச்சர். ஏழு வரிசை, வரிசைக்குப் பதிமூணு.”

வகுப்பே “அட!” என்றது. டீச்சருக்கும் அட என்றுதான் இருந்தது. பயல் எவ்வளவு அழகாகப் பிடித்துவிட்டான்! மனம் நிறைந்து கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள்.

வாயாடியின் பக்கத்தில் இருந்த குட்டைப் பெண்ணுக்கு மட்டும் கோபம். “இன்னைக்கு நான்தானே தப்பா சொல்லணும்? நேத்தும் நீ சொன்ன, முந்தாநாளும் நீதான் சொன்ன.”

“மெதுவா பேசுடி, டீச்சருக்குக் கேக்கும்.”

கேட்டுவிட்டது. கைதட்டல் ஓய்ந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் பொத்தான்களின் மேல் கவிழ்ந்திருந்தன. டீச்சருக்குக் காது மடல் சுட்டது, அழுகை வந்தது. எத்தனை நாளாக இப்படி? வேறு எண் எழுதலாமென்று பலகைப் பக்கம் திரும்பினார். எதை எழுதுவது? எழுதப் போவதும் ஏற்கெனவே எழுதியதுதானா என்று யாரைக் கேட்பது?

சுண்ணக்கட்டி அப்படியே கையில் நின்றது.

“நூத்திப் பத்தொம்பது எழுதுங்க டீச்சர்” என்றாள் வாயாடி, அவளுக்கு வழக்கமில்லாத சின்னக் குரலில். “அது இன்னும் நீங்க போடல.”

டீச்சர் எழுதினார்.