கயல் காலியாக விட்ட ஐந்தாவது கேள்வி

காலை பஸ்ஸில் மீன் கூடைகளுக்கு நடுவே நின்று வருவேன். முதல் பீரியட் முடியும்வரை சட்டையில் அந்த வாசம் இருக்கும்...

இரண்டாயிரங்களின் நடுவில், காரைக்கால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் புது வாத்தியார். எட்டாம் வகுப்பு.

“பெரியவங்களானா என்ன வேலைக்குப் போவீங்க? எழுதுங்க” என்று பேப்பர் கொடுத்தேன்.

பாதிப் பேர் எழுதியிருந்த வேலை... பிரான்ஸ்!

“ஏண்டா, பிரான்ஸ் ஒரு வேலையாடா?”

“எங்க மாமா அங்கதான் சார் இருக்காங்க. போனா வேல தானா வந்துரும்.”

தலையில் அடித்துக்கொண்டேன். சரி, வேலை பார்ப்பவர்களையே கேட்டு வரட்டும் என்று ஐந்து கேள்விகள் எழுதிப் போட்டேன். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், எது கஷ்டம், எது பிடிக்கும்... கடைசிக் கேள்வி, ‘இந்த வேலையை எனக்குக் கற்றுத் தருவீர்களா?’

மறுநாள் கோட்டுச்சேரிமேட்டுக் கயல்விழியின் தாளில் அந்த இடம் மட்டும் காலி. அவள் அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். பெரியவளானதும் அவளுக்கும் அதே வேலைதான் வேண்டுமாம்.

“கேட்டேன் சார். பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சும்மா இருந்த பிள்ளையைத் தூண்டிவிட்டு அழவும் வைத்தேனே!

மூன்றாம் நாள்... வகுப்பு வாசலில், மடித்துக் கட்டிய கைலியை அவசரமாக இறக்கிவிட்டபடி அவள் அப்பா. செத்தேன் என்று நினைத்தேன்.

“சார், ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லல. இந்தப் புள்ள ரெண்டு நாளா சரியா சோறு திங்காம படுத்துது.”

மகளைப் பார்த்தார்.

“கத்துத் தரேன் பாப்பா. ஆனா படிப்ப விட்டியோ, ஸ்பேனரத் தொட உடமாட்டேன். எழுதிக்க.”

கயல் எழுதினாள். வகுப்பே பெஞ்சைத் தட்டித் தீர்த்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து என்னைத்தான் முறைத்தார்.

இப்போது எல்லாம் ப்ரொஜெக்டர்தான். நாற்பது வேலை, நாற்பது ஸ்லைடு, நடுநடுவே கொட்டாவி. தொழிலைப் போட்டுவிட்டு பதில் சொல்ல வகுப்புக்கே வரும் அப்பாக்களை இப்போது காணோம். கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது...

அதனால் போன மாதம் கயலையே கூப்பிட்டேன். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் இப்போது எஞ்சின் மெக்கானிக். அவள் பேசி முடித்ததும் ஒரு குட்டிப் பெண் எழுந்தாள்.

“அக்கா, கையெல்லாம் அழுக்காவாதா?”

கயல் சிரித்தாள்.

“ஆவும். சோப்பு இருக்குல்ல?”