படகில் ஏற்றாத கற்பூரம்

எனக்கு நீச்சல் தெரியாது. பத்து வயது மகளுக்கும் தெரியாது. கணவர் தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வார், நான் பார்த்ததில்லை. இந்த லட்சணத்தில் பள்ளி விடுமுறையைக் கழிக்கக் கண்டியிலிருந்து பஸ் ஏறிப் போய், தெல்தெனியவுக்குப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் எஞ்சின் போட் ஒன்றை வாடகைக்குப் பேசியிருந்தோம்.

பேசி முடிப்பதற்குள் மகள் தாவி ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் பார்க்காமல் புறப்படக்கூடாது என்று அடம்பிடித்தேன். மிதவை அங்கிகளின் பட்டிகளை இழுத்துப் பார்த்தேன். ஒன்று கையோடு வந்தது. படகுக்காரர் சிரித்தார்.

“நல்ல போட் அக்கா. பயப்படாம ஏறுங்க.”

பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? அங்கியை மாற்றித் தரச் சொல்லிவிட்டு நானும் ஏறி, பின்பக்கம் போனேன்.

எந்த வண்டியானாலும் தேங்காய்மேல் கற்பூரம் ஏற்றிச் சுற்றி உடைக்காமல் கணவர் நகரமாட்டார். படகுக்கும் தேங்காய் கொண்டுவந்திருந்தார். கரையில் நல்ல காற்று. கற்பூரம் பற்றுவதும் அணைவதுமாக இருந்தது.

“என்னா இது, அபசகுனமா இருக்கே” என்று முகம் சுண்டியவர், காற்றுக்கு மறைவாகப் படகுக்குள் இறங்கி மகளின் காலடியில் குந்தினார்.

அப்போது நான் குனிந்து அடிப்பலகை இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தண்ணீர் நின்றது. அதன்மேல் பளபளவென்று ஒரு படலம். பெற்றோல் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. நிமிர்ந்தால், அவர் தீக்குச்சியை எடுத்துவிட்டார்.

“பத்த வைக்காதீங்க!”

பாய்ந்து தீப்பெட்டியையும் குச்சியையும் பறித்துத் தண்ணீரில் எறிந்தேன். தேங்காய் உருண்டு ஓடியது.

“ஒனக்குப் பைத்தியமா? சாமி காரியத்துல...” என்று அவர் கத்தினார். அடிப்பலகையைக் கைகாட்டினேன். மகளை இழுத்துக்கொண்டு கரையில் குதித்தேன்.

படகுக்காரர் வந்து பலகையைத் தூக்கினார். எஞ்சினுக்குப் போகும் குழாயில் வெடிப்பு விழுந்து, பெற்றோல் அடியெல்லாம் பரவியிருந்தது. அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கணவர் மகள் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

அன்று பொழுதுபட்டதும் சாமி அறையில் அவர் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

“நீயே ஏத்து.”

வாங்கினேன். குச்சியை எடுத்தும் உரச மனம் வரவில்லை. கடைசியில் விளக்கை மகள்தான் ஏற்றினாள். குச்சி அணையும்வரை நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.