கெட்ட மீன்

ஒன்பது வயதில் நான் ஒரு மருந்தைத் தோற்கடித்தேன். பல வருஷங்களாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல், ஊர்காவற்றுறையில் காது கொடுத்த எல்லாரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

எங்கள் வீட்டில் பிடிவாதத்துக்குக் குறைவில்லை. நான் அம்மாவைக் கொண்டு பிறந்தவள் என்று அப்பாவும், அப்பாவைக் கொண்டு பிறந்தவள் என்று அம்மாவும் சொல்வார்கள். இரண்டு பேரும் சொன்னது சரிதான். அந்த வருஷம் என் பிடிவாதம் முழுவதும் ஒரு திருக்கைவாலில் போய்ச் சுற்றிக்கொண்டது. என் வகுப்பில் ஒரு பொடியன் காய்ந்த திருக்கைவால் ஒன்றைக் கொண்டுவந்து சவுக்குப் போலச் சுழற்றிக் காட்டினான். தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அவனுக்கு ஒரு மாங்காய்த் துண்டு கொடுக்க வேண்டும். அவனுடைய தகப்பனுக்குக் கடை. என் அப்பாவோ கடலுக்குப் போகிறவர். கடைக்காரர் மகனுக்கு மாங்காய் கொடுத்து நான் வாலைத் தொடுவதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அப்பாவிடம் ஒரு சட்டம் இருந்தது. திருக்கையின் வாலடியில் ஒரு முள் இருக்கும். இரண்டு பக்கமும் பல்லு வைத்த முள், விஷமும் உண்டு. வலையில் திருக்கை வந்தால் கடலிலேயே வாலை முள்ளோடு வெட்டி எறிந்துவிட்டுத்தான் அவர் கரைக்கு வருவார். ஒருநாளும் மாற்றியதில்லை. நான் நாலு நாட்கள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் நாள் காலை அவருடைய படகில் ஒரு பெரிய திருக்கை வாலோடு கிடந்தது.

அதைக் கரையோரத் தண்ணீருக்குள் இழுத்துப் போட்டார். "கிட்ட வராதை பிள்ளை. முள்ளைக் கழட்டிப்போட்டுத் தாறன்" என்று சொல்லிவிட்டுக் கத்தி எடுக்கப் படகுப் பக்கம் திரும்பினார். அவர் திரும்பிய நேரம் எனக்குப் போதுமாக இருந்தது. ஓடிப்போய் வாலைப் பிடிக்கக் குனிந்தேன். செத்துவிட்டது என்று நான் நினைத்த திருக்கை ஒரு தரம் வாலை வீசியது. முள் என் இடது பாதத்தின் உட்பக்கத்தில் இறங்கி முறிந்தது.

அம்மா சுடுதண்ணீரில் காலை வைத்தார். வெளியே தெரிந்த முள்ளை அப்பா குறட்டால் பிடித்து இழுத்தார். உள்ளே ஒரு துண்டு தங்கிவிட்டது யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் பாதம் பணிஸ் போல ஊதிவிட்டது. காய்ச்சலும் காய்ந்தது. இனி ஆஸ்பத்திரிதான், வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். போரால் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் மிதிவெடியில் சிக்கி ஒரு காலை இழந்தவர். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் எனக்குத் தைரியம் சொன்னார்.

"பயப்பிடாதை. நித்திரையாக்கிப்போட்டுத்தான் செய்வினம். ஒண்டும் தெரியாது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாமா யாரைக் கண்டாலும் சொல்லும் பகிடி ஒன்று இருந்தது. அதையும் சொன்னார்.

"நான் ரெண்டு காலோடை படுத்தனான், ஒரு காலோடை எழும்பினனான்."

எல்லாரும் வழக்கம்போலச் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அதுவரை மாமாவின் காலைக் கொண்டுபோனது மிதிவெடி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது விஷயம் வெளித்துவிட்டது. படுக்கும்போது இரண்டு காலும் இருந்திருக்கிறது. அப்படியென்றால் வெடி காயத்தை மட்டும்தான் கொடுத்தது. காலை எடுத்தது நித்திரை. மாமா கண்ணை மூடியிருக்கக் கூடாது. மூடினார், போய்விட்டது. நான் மூடப்போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஓட்டோவுக்குள் இருந்து இமைக்காமல் இருக்கப் பழகினேன். காற்றில் கண் எரிந்து தண்ணீர் வடிந்தது. அழுகிறேன் என்று நினைத்து அப்பா என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். காலையில் இருந்து அவர் யாரோடும் பேசவில்லை என்பது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

டொக்டர் ஓர் இளம் பெண். எக்ஸ்றே படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, உள்ளே கிடந்த துண்டை அப்பாவுக்குக் காட்டினார். பிறகு அவரை வாசல்பக்கம் கூட்டிப்போய் எதையோ விளங்கப்படுத்தினார். நான் அதைக் கேட்கவில்லை. என் காது முழுவதும் மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிட்ட தாதி மேல் இருந்தது. அவர் ஒரு தட்டில் ஊசிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"கெட்டமீன் எடுக்கட்டோ டொக்டர்?"

"ஓம், கெட்டமீன் எடுங்கோ."

எனக்கு டொக்டர் மேல் பெரிய மரியாதை வந்தது. வெள்ளை உடுப்புப் போட்டவருக்கும் திருக்கை எப்படிப்பட்ட மீன் என்று தெரிந்திருக்கிறது. கெட்ட மீனை எடுக்கத்தான் போகிறார்கள். காலை எடுப்பது பற்றி இதுவரை பேச்சில்லை. ஆனாலும் நித்திரையான பிறகு மனம் மாறலாம். நான் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விடு பிள்ளை. அப்பா வெளியிலை நிக்கிறன்."

"விடமாட்டன்."

மிஸ்ஸி கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். கடைசியில் டொக்டர்தான் விட்டுக்கொடுத்தார். "பரவாயில்லை அண்ணை, தலைமாட்டிலை நில்லுங்கோ. காலை மட்டும் பாக்காதேங்கோ."

ஊசி ஏறியது. நான் அப்பாவின் சேர்ட்டில் இருந்த ஒரு பொத்தானைப் பார்த்தபடி கிடந்தேன். மூடமாட்டேன், மூடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சொல்லே எனக்கு விளங்காத சொல்லாகிவிட்டது. பொத்தான் பெரிதாகிக்கொண்டு வந்து, விளக்கும் அதுவும் ஒன்றாகின. மிஸ்ஸியின் குரல் படகு இயந்திரம் போல ஒரே சீராக இரையத் தொடங்கியது. என் கால்கள் தூரத்தில், காரைநகர்ப் பக்கத்தில் எங்கேயோ கிடந்தன. அவை யாருடையவை என்று யோசித்தேன், பெரிதாகக் கவலைப்படவில்லை. நங்கூரம் கழன்ற வள்ளம் மாதிரி நான் கட்டிலை விட்டு மெல்ல நகர்ந்தேன். மேலே கூரை இருந்த இடத்தில் கடலின் அடிப்பக்கம் தெரிந்தது. அங்கே திருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செட்டையடித்துப் போயின. எல்லாவற்றுக்கும் வால் இருந்தது. ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் இல்லை, நோவு இல்லை. நான் என்கிற ஒருத்திகூட அங்கே இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு கூரை திரும்பி வந்தது. இரண்டு மிஸ்ஸிகளும் இரண்டு அப்பாக்களும் வந்து, ஆடி ஆடி ஒரு மிஸ்ஸியும் ஒரு அப்பாவும் ஆனார்கள். வயிற்றைப் பிரட்டியது. மிஸ்ஸி நீட்டிய கிண்ணத்தில் சத்தியெடுத்துவிட்டு முதலில் காலைத்தான் பார்த்தேன். இரண்டும் இருந்தன. ஒன்றுக்கு வெள்ளைக் கட்டுப் போட்டிருந்தார்கள்.

என் கன்னமெல்லாம் ஈரம். மிஸ்ஸி பஞ்சால் துடைத்துக்கொண்டு, "அது மருந்துக்கு வாற கண்ணீர்" என்றார். நிமிர்ந்து பார்த்தால் அப்பாவின் கன்னத்திலும் ஈரம். மருந்தை எனக்கு ஏற்றிவிட்டு அவருக்கு ஏன் வடிகிறது என்று யோசித்தேன். என் கை இன்னும் அவர் கையை இறுக்கிக்கொண்டுதான் இருந்தது. மருந்து கை வழியாக அவருக்கும் கொஞ்சம் போயிருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன்.

"அப்பா, நான் நித்திரையே கொள்ளேல்லை" என்றேன்.

"ஓம் பிள்ளை. உன்ரை கண் திறந்துதான் கிடந்தது."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சாட்சியும் கிடைத்துவிட்டது.

அப்பா குனிந்து மிக மெதுவாகக் கேட்டார். "நொந்ததோ?"

நோகவில்லை. ஆனால் நோகவில்லை என்று சொன்னால் என் வெற்றியில் பாதி போய்விடும். நோகாமல் கண் திறந்து கிடப்பதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது?

"சரியா நொந்தது" என்றேன். "ஆனா நான் கத்தேல்லை."

அப்போதுதான் அப்பா தன் கையை என் கையில் இருந்து எடுத்தார்.

அதற்குப் பிறகு நான் ஊரில் ஒரு ஆள் ஆகிவிட்டேன். டொக்டர் கழுவித் தந்த முள்துண்டை ஒரு சின்னப் போத்தலில் போட்டு சாமித்தட்டில் மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வால் வைத்திருந்த பொடியன் வீடு தேடி வந்து பார்த்துவிட்டுப் போனான். நான் மாங்காய் கேட்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன். சொல்லச் சொல்ல வெட்டு நீண்டது, நோவும் கூடியது. கதை தொடங்கினால் அப்பா எழும்பிப் போய்விடுவார். படகில் தேங்கிய தண்ணீரைக் கோலி ஊற்ற வேண்டும் என்பார். படகு அந்த நேரம் கரையில் காய்ந்து கிடக்கும். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது போல என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் போத்தலைக் காணவில்லை. அவன்தான் எடுத்திருப்பான் என்று நான் என் தம்பியோடு சண்டை பிடித்தேன்.

இன்னொன்றும் நடந்தது. அப்பா அதன்பின் திருக்கையைக் கரைக்குக் கொண்டுவரவே இல்லை. வலையில் வந்தால் வலையை வெட்டியாவது கடலில் விட்டுவிடுவார். சோற்றோடு திருக்கை வறை என்றால் உயிரை விடும் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை.

"வலையிலை வந்ததை ஆரும் திருப்பி விடுவினமோ?"

"அது கெட்ட மீன்" என்பார் அப்பா. அம்மா எவ்வளவு சண்டை பிடித்தும் அவர் அசையவில்லை.

டொக்டர் அதைக் கெட்ட மீன் என்று சொன்னதை அப்பாவுக்குச் சொன்னவள் நான்தான். டொக்டரின் சொல்லுக்கு அப்பா இவ்வளவு மரியாதை கொடுக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினாலு வருஷம் போனது. நான் யாழ்ப்பாணத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். போன மாரியில் ஒருநாள், படகைக் கரைக்கு இழுக்கும்போது அப்பாவுக்குத் தோள் விலகிவிட்டது என்று தம்பி ரெலிபோன் எடுத்தான். பஸ் பிடித்து அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டொக்டர் வேறு, மிஸ்ஸி வேறு. ஆனால் கேள்வி அதே கேள்வி.

"கெற்றமின் எடுக்கட்டோ டொக்டர்?"

சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் திருக்கையைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தோம். கெற்றமின் என்பது மயக்க மருந்தின் பெயர். அப்பாவிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தபடி அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றேன்.

ஊசி ஏறியது. அப்பாவின் கண் மூடவில்லை. கருவிழி மெல்ல ஒரு பக்கம் போய், வெட்டி இழுத்தது போலத் திரும்பி வந்தது. டொக்டர் அவருடைய தோளைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்.

"பொறுங்கோ, அவர் முழிப்பா இருக்கிறார்" என்றேன்.

"இல்லைத் தங்கச்சி. இந்த மருந்துக்குக் கண் திறந்துதான் இருக்கும். அவருக்கு ஒண்டும் தெரியாது" என்றார் மிஸ்ஸி.

எலும்பு பொருந்திய சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கண் ஓரத்தால் தண்ணீர் வடிந்து காதுக்குள் போனது. மிஸ்ஸி சொன்னதை நம்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் நிற்கும்போதுதான், இதே இடத்தில் முன்பு யார் நின்றார் என்பது எனக்கு உறைத்தது. அவர் எழும்பியதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

ஆனால் அப்பா முந்திக்கொண்டார். நாக்குத் தடக்கத் தடக்கக் கேட்டார்.

"தோள் போட்டாச்சோ?"

"போட்டாச்சு அப்பா."

நல்ல கையால் தோளைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் நோகேல்லை பிள்ளை." பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். "உனக்கு நொந்ததெண்டு சொன்னனீ."

"நோகேல்லை அப்பா. நான் பெருமைக்குச் சொன்னனான்."

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் நோகேல்லை."

"அண்டைக்கு அந்த டொக்டரும் உப்பிடித்தான் சொன்னவ, கண் திறந்திருக்கும், பிள்ளைக்கு ஒண்டும் தெரியாதெண்டு. நீ நொந்ததெண்டு சொன்னாப்பிறகு நான் ஆரை நம்புறது?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வாலைக் கொண்டுவந்தவன் நானெல்லோ."

அந்த அறையில் எனக்கும் மருந்துக்கும்தான் போட்டி நடந்தது என்று நான் நினைத்திருந்தேன். தலைமாட்டில் மூன்றாவதாக ஒருவர் நின்றதை எண்ணவே இல்லை. வெட்டு என் காலில் விழுந்தது, நோவு முழுவதும் அவருக்குப் போனது. ஒன்பது வயதில் நான் சொன்ன ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் பதினாலு வருஷம் ஒவ்வொரு திருக்கையையும் கடலில் விட்டிருக்கிறார். பெருமை பேசிய பிள்ளைக்கு அது தெரியவில்லை.

மிஸ்ஸி வந்து அப்பாவின் கன்னத்தைப் பஞ்சால் துடைத்தார். "பயப்பிடாதேங்கோ, இது மருந்துக்கு வாற கண்ணீர்" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னொரு பஞ்சுத் துண்டைக் கிள்ளி என்னிடம் நீட்டினார்.