சாக்கில் சுற்றிய துப்பாக்கி

ஆயுத பூசையன்று நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மலேசியாவில், லுக்குட் ஊரில் ஒரு பட்டறையில் எனக்கு வெல்டிங் வேலை. செம்பனைத் தோட்டத்து ஓரம் நான் போட்டிருந்த மரவள்ளியைக் காட்டுப்பன்றிகள் கிளறிப்போட்டன. அதற்காகக் குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி ஒன்றை ஒளித்து ஒளித்துச் செய்தேன். அதுவரை அடுத்தவன் வீட்டு இரும்புக் கேட்டைத்தான் செய்திருக்கிறேன். பலாமரத்தில் இழைத்த பிடிக்கு எண்ணெய் தேய்த்தபோது கர்வம் தாங்கவில்லை.

முதல் வெடிக்கு முன் சாமி காலடியில் வைக்க ஆசை. முனியாண்டி கோயிலில் எல்லாரும் வைத்த, செம்பனைக் குலை வெட்டும் அரிவாள்களுக்கு நடுவே, சாக்கில் சுற்றி வைத்தேன்.

"உள்ள என்னாண்ணே?" என்றார் பூசாரி மாணிக்கம்.

"மண்வெட்டிதான்லா."

யார் சொன்னார்களோ, தீபாராதனை முடியுமுன் போலீஸ் வந்து சாக்கைப் பிரித்தது. யாருடையது என்று மூன்று தடவை கேட்டார்கள். கையில் சுண்டல் தட்டோடு நின்றேன். கோயில் பொறுப்பு மாணிக்கத்துடையது, விலங்கு அவருக்கு. அவர் என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற என் மூன்று பெண்பிள்ளைகளைப் பார்த்தார், போலீசிடம் இரண்டு கையையும் நீட்டினார்.

இப்போது அவர் மனைவியை மாதாமாதம் சிறைக்கு என் காரில்தான் கூட்டிப்போகிறேன். "நீங்க இல்லன்னா எங்களுக்கு யாருண்ணே?" என்று வழியெல்லாம் அழுவார்.

போன மாதம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாணிக்கம் போனை எடுத்தார்.

"பன்னி இன்னும் வருதாண்ணே?"

"வருது" என்றேன்.

'என்னுடையது' என்ற வார்த்தையைச் சிறையில் அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அங்கேயே, அப்போதே சொல்லியிருக்கலாம். காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குத்தான் வந்தேன்.