எலியை விட்டுவிட்டு எழுதிய லேபிள்

"ஏட்டி, ஆடே மோந்து பாத்துட்டு ஒதுங்குத எலுமிச்சத் தோலு. அதுல மூளைக்கு மருந்து இருக்குன்னு யாருட்டி சொன்னா?"

அத்தை கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு ரோஷம்தான் வந்தது. குருவிகுளம் பக்கம் ஆடு மேய்க்கும் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வேதியியல் படித்துவிட்டு, சங்கரன்கோவிலில் எலுமிச்சைத் தோல் பொடி அரைக்கும் சிறு கம்பெனியில் லேப் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காய்ந்த தோலில் ஈரப்பதமும் பூஞ்சையும் பார்க்க வேண்டும்.

இந்தத் தோல்களில் உள்ள ஃபிளேவனாய்டுகள் என்ற வேதிப்பொருட்கள் மூளை செல்களைப் பாதுகாக்கக்கூடும் என்று கட்டுரைகளில் படித்தேன். பெரும்பாலும் எலிகளில் செய்த சோதனைகள். முதலாளி அண்ணாச்சி லேபிளுக்கு ஒரு வரி கேட்டபோது எலியை விட்டுவிட்டேன். 'ஞாபக மறதியைத் தடுக்கும்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"படிச்ச புள்ள, சரியாத்தான் இருக்கும்" என்றார் அண்ணாச்சி. லேபிளின் கீழே, தரம் பார்த்தவர் என்று என் பெயரையும் போட்டார். முதல் பாக்கெட்டை அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, வாசுதேவநல்லூரிலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். கணவருக்கு மறதி நோய்.

"ஒங்க பொடிய நம்பி டாக்டர் மாத்திரைய நிப்பாட்டிட்டேம்மா. முந்தாநாள் ராஜபாளையம் ரோட்டுல வேட்டியில்லாம நின்னுருக்காவ. பஸ் கண்டக்டர்தான் கூட்டியாந்தாரு. இன்னும் ரெண்டு ஸ்பூன் கூட்டிக் குடுக்கவா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அளவு கேட்டார்.

"அம்மா, அது எலிக்குப் பாத்தது. மனுசருக்கு இன்னும் உறுதியாத் தெரியாது."

"எலிக்கா?" என்று லேபிளைத் திருப்பிப் பார்த்தார். "இதுல எலின்னு இல்லையேம்மா."

இனி அந்தப் பொடியைக் கொடுக்க வேண்டாம் என்றேன்.

அன்றே அவரையும் கணவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் என்னைத் திட்டியபோது, அந்த அம்மா கேட்கும்படியே நின்றேன். மாத்திரை மறுபடி தொடங்கியது. திரும்பி வந்து, எலியை விட்டுவிட்டு எழுதியதை அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அப்ப நான் யாரத்தான் நம்பட்டும், தாயி?" என்று மட்டும் கேட்டார்.

புதிதாக லேபுக்கு வரும் தங்கைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: கட்டுரையில் எலி என்று இருந்தால், எலி என்றே எழுதுங்கள். நம்மைப் போல முதலில் படித்தவர்களின் வீட்டில் அதைச் சரிபார்க்க வேறு ஆள் இல்லை.

கடை கடையாகப் போய்ப் பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கினேன். கடைசியாக நேற்று அத்தை வீட்டுக்குப் போனேன். நான் கொடுத்த பாக்கெட்டைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"அத ஏம்ட்டி எடுக்க? உம் பேரு போட்டதுல்லா?"

"அதனாலதான் அத்தை" என்று எடுத்து வந்துவிட்டேன்.